சலூனில் பி.பி. மாத்திரை

கே: அமெரிக்காவில் மருந்தாளுநரே மருந்தை மாற்றி எழுதுவாராமே? அப்புறம் டாக்டர் எதற்கு?

ப: நோய் இன்னதென்று சொல்ல. அதில் மருந்தாளுநர் தலையிடுவதில்லை. அதற்கப்புறம் மாதக்கணக்கில் இழுக்கிற வேலை இருக்கிறதே, அளவைக் கூட்டுவது, குறைப்பது, ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவது, அதைத்தான் டாக்டர் எழுத்துமூலம் அவரிடம் ஒப்படைக்கிறார். அந்தக் காகிதத்தின் பெயர் கூட்டுப் பணி ஒப்பந்தம்.

கே: முதலில் ஆரம்பித்தது யார்?

ப: வாஷிங்டன் மாநிலம், 1979-இல். தலைநகரம் அல்ல, சியாட்டில் இருக்கிற பக்கம். இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் சட்டம் உண்டு. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை, அதுதான் தலைவலி. ஓரிடத்தில் நோயாளிக்கு நோயாளி தனித்தனிக் காகிதம். இன்னோரிடத்தில் 'என் சர்க்கரை நோயாளிகள் அனைவருக்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

கே: அந்த ஒப்பந்தத்தில் என்னதான் எழுதியிருக்கும்?

ப: யாருக்கு, எந்த நோய்க்கு, எந்த மருந்து, எதுவரை, எத்தனை நாளுக்குள் டாக்டருக்குத் தகவல், எப்போது புதுப்பிப்பது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் 2-க்கும் 3-க்கும் நடுவே நிற்க வேண்டும். இறங்கினால் ரத்தம் கட்டிக்கொள்ளும் பயம். ஏறினால் கசியும் பயம். இதற்கு 'தேவைக்கேற்ப மாற்றலாம்' என்று எழுதினால் அது ஒப்பந்தமல்ல, வாழ்த்து மடல். எந்த எண்ணுக்கு வார அளவில் எத்தனை சதவீதம் குறைப்பது, எந்த எண்ணைத் தாண்டினால் உடனே டாக்டருக்குப் போன், ரத்தம் கசிந்தால் எங்கே அனுப்புவது, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், 'இதற்கு மேல் என் வேலை இல்லை' என்கிற பகுதியைத்தான் முதலில் படிப்பேன். அது மழுப்பலாக இருந்தால் மிச்சத்தைப் படிக்கவே வேண்டாம்.

கே: பலன் உண்டா, இல்லை காகிதத்தோடு சரியா?

ப: லாஸ் ஏஞ்சலீஸில் டாக்டர் ரொனால்ட் விக்டர் ஒரு காரியம் செய்தார். கறுப்பின ஆண்கள் வாடிக்கையாக முடி வெட்டிக்கொள்ளும் 52 சலூன்கள். ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்த 319 பேர். ஒரு பகுதிக் கடைகளுக்கு மருந்தாளுநரே போனார். அங்கேயே பி.பி. பார்த்தார்; அவரவர் டாக்டரோடு போட்ட ஒப்பந்தப்படி அங்கேயே மருந்தும் எழுதினார். மற்ற கடைகளில் முடிதிருத்துபவர் 'டாக்டரைப் போய்ப் பாருங்க, சாப்பாட்டைக் கவனிங்க' என்று சொன்னதோடு சரி. ஆறு மாதத்தில் மருந்தாளுநர் போன கடைகளில் மேல் அழுத்தம் சராசரி 27 புள்ளி இறங்கியது. புத்திமதிக் கடைகளில் 9 சொச்சம். 2018-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. எல்லாப் புகழும் ஒப்பந்தத்துக்கே என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு வராத ஆளை நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலேயே பிடித்ததும் ஒரு காரணம். ஆனால் ஒப்பந்தம் இல்லாமல் போயிருந்தால் அந்த மருந்தாளுநரும் புத்திமதிதான் சொல்லியிருப்பார்.

கே: டாக்டர்களுக்குக் கோபம் வராதா?

ப: வராமலா? ஆனால் கையெழுத்துப் போடுவதும் டாக்டர், வேண்டாமென்று முறிப்பதும் டாக்டர். பிடிக்காதவரை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

கே: மருந்தாளுநருக்கு இதில் வரும்படி எப்படி?

ப: புண்ணிலேயே கை வைத்துவிட்டீர்கள். முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, பணம் தரத்தக்க சிகிச்சையாளர் பட்டியலில் மருந்தாளுநரைச் சேர்க்கவில்லை. பெரும்பாலும் டாக்டர் பெயரில்தான் பில் போக வேண்டும். சட்டம் சம்மதித்தும் பலர் ஒப்பந்தம் போடாமலிருப்பதற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் கட்சி. வட கரோலினாவின் ஆஷ்வில் நகர நிர்வாகம் கெட்டிக்காரத்தனமாக வேறு வழி பார்த்தது. தன் ஊழியர்களின் சர்க்கரையைக் கவனிக்க 1996-இல் மருந்தாளுநர்களை அமர்த்தி, அதற்குத் தானே பணமும் கொடுத்தது. ஊழியர்களின் மொத்த மருத்துவச் செலவு குறைந்தது.

கே: நம் ஊரில் இது வருமா?

ப: மருத்துவமனைப் பணிக்கென்றே ஆறு வருட ஃபார்ம்.டி. படிப்பை 2008-இல் கொண்டுவந்தோம். மருந்தாளுநர் பணிக்கான 2015 விதிமுறைகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநர் வேலையாக ஏற்றுக்கொண்டன. அளவை மாற்றி எழுதும் அதிகாரம் மட்டும் இல்லை. சீட்டே இல்லாமல் மாத்திரை கிடைக்கிற தெருவில் ஒப்பந்தம் எதற்கு என்று நீங்கள் கேட்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

கே: அம்மா சியாட்டிலில் மகள் வீட்டில் இருக்கிறார். வார்ஃபரின் சாப்பிடுகிறார். மருந்தாளுநர்தான் அளவை மாற்றுகிறார். நம்பலாமா?

ப: எந்த டாக்டரோடு ஒப்பந்தம், பரிசோதனை முடிவு அவருக்கும் போகிறதா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். நல்ல மருந்தாளுநர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஊரிலிருந்து கொண்டுபோன முருங்கைக்கீரைப் பொடியை அம்மா மறைக்காமல் அவரிடம் காட்டட்டும். கீரையில் வைட்டமின் கே அதிகம். வார்ஃபரினுக்கு எதிர்வேலை செய்யும். நிறுத்தத்தான் வேண்டும் என்பதில்லை, தினமும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் அதற்கேற்ப மாத்திரையை அவர் சரிசெய்துவிடுவார்.