முதுகலைப் பொருளியல் இலக்கணம்

பாயிரம்

பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று வகுத்து வைத்தார். மாணாக்கர் சேரும் படிப்பை வகுக்காமல் விட்டுவிட்டார். அவர் காலத்தில் விண்ணப்பக் கட்டணம் கிடையாது என்பதால் அவசரம் எழவில்லை போலும். பொருளியலில் முதுகலை படிக்கப் புகுவார் இன்று படும் பாட்டைப் பார்த்து, அக்குறையை ஓரளவு தீர்க்க எழுந்தது இந்நூல்.

எழுத்தியல்

பட்டத்தின் எழுத்துகள் பெரும்பாலும் மூன்று: எம்.ஏ., எம்.எஸ்ஸி., எம்.ஃபில். முன்னது கலை, நடுவணது அறிவியல், ஆகவே எம்.எஸ்ஸி.யில்தான் கணக்கு அதிகம் என்பது ஒருசாரார் கொள்கை. அது பொருந்தாது. 1949இல் வி.கே.ஆர்.வி. ராவ் தொடங்கிய டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் கொடுப்பது எம்.ஏ.; கணக்குக்குப் பயந்தவர் அங்கே முதல் பருவத்தைத் தாண்டுவது கடினம். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலோ பொருளாதார வரலாற்றுக்கும் எம்.எஸ்ஸி.தான். ஆக்ஸ்ஃபோர்டில் இளங்கலை முடித்தவர் சில ஆண்டுகள் கழிந்தால் தேர்வே எழுதாமல் எம்.ஏ. ஆகலாம், இரண்டாண்டு உட்கார்ந்து பொருளியல் படித்துத் தேர்வெழுதியவருக்குக் கிடைப்பது எம்.ஃபில். கேம்பிரிட்ஜில் அதே எம்.ஃபில். ஓராண்டுக்குள் முடிந்துவிடும். நம் நாட்டில் எம்.ஏ.வுக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடையில் இருந்த எம்.ஃபில்.லைப் பல்கலைக்கழக மானியக் குழு எடுத்தே விட்டது.

ஆதலால் எழுத்தைக் கொண்டு வகை செய்யற்க. "எம்.எஸ்ஸி.ன்னா ஒரு வெயிட்டு இருக்கும் தம்பி" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லும் பெரியப்பாக்களுக்கு மட்டும் இவ்விதியிலிருந்து விலக்கு உண்டு. அவர்களைத் திருத்துவது இந்நூலின் பயன்களுள் ஒன்றன்று.

அடைமொழியியல்

இனமுள்ள அடை, இனமில்லா அடை என்று இலக்கணத்தார் இரண்டு சொல்வர். செந்தாமரை என்றால் வெண்டாமரையும் உண்டு. செஞ்ஞாயிறு என்றால் கருஞாயிறு கிடையாது. பட்டங்களின் முன்னொட்டுகளை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம்.

சென்னைக் கோட்டூர்புரத்தில் 1993இல் தோன்றிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஜெனரல், ஃபைனான்ஷியல், என்விரான்மென்டல், ஆக்சூரியல் என்று அடைகள் அடுக்கி வந்திருக்கின்றன. ஆக்சூரியல் இனமுள்ள அடை. நிகழ்தகவும் ஆயுள் அட்டவணையும் அதற்குள் உண்மையாகவே உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் காப்பீட்டுக் கணிப்பாளராகிய ஆக்சூரி ஆவதற்கு அதற்குரிய சங்கத்தின் தேர்வுகளைத் தனியே எழுதித் தீர்க்க வேண்டும். பட்டம் வாசல்வரைதான் கொண்டுபோய் விடும். 'ஜெனரல்' வேடிக்கையான அடை. மற்றவை எல்லாம் அடை பூண்டு வந்ததும், வெறுமனே நின்ற பொருளியலுக்கும் ஒன்று மாட்டிவிட வேண்டியதாயிற்று. மேலே ஆராய்ச்சி செய்ய எண்ணுவோருக்குப் பெரும்பாலும் அந்த வெறும் பொருளியலே நல்லது என்பது என் துணிபு.

'அப்ளைட்' இனமில்லா அடை. பயன்படாப் பொருளியலில் பட்டம் தருவதாக எந்த நிறுவனமும் விளம்பரம் செய்ததில்லை. இதற்கும் விலக்கு உண்டு: திருவனந்தபுரத்தில் கே.என். ராஜ் நிறுவிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் அப்ளைட் எகனாமிக்ஸ். 1998 முதல் வீடு வீடாகப் போய் யார் வளைகுடாவுக்குப் போனார், யார் திரும்பினார், எவ்வளவு பணம் அனுப்பினார் என்று கணக்கெடுத்து வந்த இடம் அது. அங்கே அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது.

நுழைவியல்

உண்மை வகைப்பாடு வாசலில் இருக்கிறது. உள்ளே என்ன நடக்கும் என்பதை நுழைவுத்தேர்வுத் தாள் மறைக்காமல் சொல்லிவிடும்.

முதல் வாசல் கணக்கு வாசல். 1931இல் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் குவான்டிடேட்டிவ் எகனாமிக்ஸில் முதுகலை நடத்துகிறது. நுழைவுக்கு இரண்டு தாள். அதில் ஒன்று முழுக்கக் கணக்கு. தேறிவிட்டால் படிப்புக் கட்டணம் இல்லை, உதவித்தொகை வேறு தருவார்கள். இலவசம் என்று கேட்டவுடன் பெற்றோர் முகம் மலரும். பழைய வினாத்தாளைப் பார்த்தவுடன் பிள்ளை முகம் வாடும். பிளஸ் டூவில் கணக்கு இல்லாத குரூப்பைத் தேடி எடுத்து, "எகனாமிக்ஸ்தானே, கதை எழுதிடலாம்" என்று பி.ஏ. முடித்தவர்களை இந்த வாசல் உள்ளே விடாது. இதில் அநியாயம் ஒன்றும் இல்லை. உள்ளே மாஸ்-கொலெல், வின்ஸ்டன், கிரீன் மூவரும் 1995இல் எழுதிய நுண்பொருளியல் நூல் தயாராகக் காத்திருக்கிறது. பக்கம் ஆயிரத்தை நெருங்கும். 'பொருளாதாரம்' என்று நாம் நினைக்கும் அரிசி, பருப்பு, வேலையின்மை எதுவும் அதில் எளிதில் கண்ணில் படாது.

இரண்டாம் வாசல் க்யூட் என்னும் பொது நுழைவுத்தேர்வு. டெல்லியும் பல மத்தியப் பல்கலைக்கழகங்களும் இதன் வழியே. கூட்டம் மிகுதி என்பது தவிர இதைப்பற்றி விரிக்க ஒன்றுமில்லை.

மூன்றாம் வாசல் மாவட்டத் தலைநகர அரசுக் கல்லூரி. இளங்கலை மதிப்பெண், இனச்சுழற்சி, கலந்தாய்வு, அவ்வளவுதான். கட்டணம் மிகக் குறைவு. இதைக் கடை வகை என்பார் உளர். அவரோடு நான் மாறுபடுவேன். பிஜி டிஆர்பி எழுதி மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக வேண்டும் என்பவருக்கு இதுவே தலையாய வாசல். நிலைப்புள்ளித் தேற்றத்தை நிறுவிக் காட்டச் சொல்லி பிளஸ் ஒன் வகுப்பில் எவரும் கேட்கப் போவதில்லை.

இவற்றுள் எதிலும் அடங்காத ஒரு வகை முன்பு இருந்தது. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக 1915இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து விடுமுறைக்கு அவரவர் ஊருக்கே அனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் யாரிடம் என்று அவர்கள் எழுதி வந்ததுதான் 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூலாயிற்று. இருவேல்பட்டு முதலிய அந்த ஊர்களுக்கு அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள். அந்த மாணவர்களை எந்த வாசலில் நிறுத்துவது என்று எனக்கு விளங்கவில்லை.

குறியீட்டியல்

அமெரிக்காவில் பட்டத்தை வகுப்பது பேராசிரியர் அல்லர், ஓர் எண். 45.0601 என்றால் பொதுப் பொருளியல். படித்து முடித்தபின் மாணவர் விசாவிலேயே 12 மாதம் வேலை பார்க்கலாம். 45.0603 என்றால் அளவைசார் பொருளியல். அது ஸ்டெம் என்னும் அறிவியல்-தொழில்நுட்பப் படிப்புகளின் பட்டியலில் இருப்பதால் மேலும் 24 மாதம். இதையறிந்த துறைகள் பல, தம் படிப்பை 01இலிருந்து 03க்கு நகர்த்திக்கொண்டன. அதே கரும்பலகை, அதே பேராசிரியர். ஒற்றை இலக்கத்தில் இரண்டு ஆண்டு. இவ்வளவு வலிமையான விகுதி எம்மொழியிலும் இல்லை. கடன் வாங்கிப் போகிறவர் பாடத்திட்டத்துக்கு முன் இந்த எண்ணைக் கேட்பது இழுக்காகாது.

புறனடை

இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கு எகனாமிக்ஸ், அப்ளைட் எகனாமிக்ஸ், பிசினஸ் எகனாமிக்ஸ், எகனாமெட்ரிக்ஸ் என்ற பெயர்கள் செல்லும். மாநில அரசு வேலைக்கு, பெயர் ஓரெழுத்து பிறழ்ந்தாலும் இரண்டும் ஒன்றே என்று அரசாணை வேண்டும். அடைமொழியோடு பட்டம் வாங்கியவர் அந்த அரசாணையின் எண்ணைத் தேடி எடுத்துக்கொண்டுதான் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போக வேண்டும். அரசாணை இல்லாத அடைமொழிகளின் கதி என்ன என்பதைத் தலைமைச் செயலகம் இன்னும் சூத்திரம் செய்யவில்லை. செய்தபின் அதற்கு உரை எழுதுவோம்.