கர்புர் சாஸ்திரம்: உத்திரமேரூர் வட்டாரத்து ரேடியோ இரைச்சல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பல்லி சொல்லுக்குப் பலன் போடப் பஞ்சாங்கத்தில் இடம் ஒதுக்குகிறார்கள். எந்தத் திசையில், எந்தக் கிழமையில் சொன்னால் என்ன நடக்கும் என்று கட்டம் கட்டி அச்சடித்துவிடுகிறார்கள். ரேடியோ சொல்லுக்குப் பலன் எழுதத்தான் ஆளில்லை. வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிடும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இப்படியொரு குறை இருக்கலாமா? அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உத்திரமேரூரைக் களமாகக் கொண்டு அக்குறையைத் தீர்க்க முனைகிறது இந்த ஆய்வு.

செல்போன் பக்கத்தில் இருந்தால் ரேடியோ, டேப்ரிக்கார்டர், மைக் செட், பழைய குண்டு டிவி என எல்லாமே "டிட்டிடிட் டிட்டிடிட் டிர்ர்ர்" என்று இரையும். ஓரிரு விநாடி கழித்துத்தான் போன் மணி அடிக்கும். சாஸ்திரத்தின் அஸ்திவாரம் இந்த முன்பின் வரிசைதான். பல்லி சொன்னது பலிக்க எத்தனை நாளாகுமோ தெரியாது. ரேடியோ சொன்னது வேட்டியை இழுத்துக் கட்டுவதற்குள் பலித்துவிடும். திண்ணையில் ரேடியோப் பெட்டியின் தலையிலேயே கீபேட் போனை வைத்துச் செய்தி கேட்கும் பெரியவர், இரைச்சல் எழுந்ததும் "போன் வருது, எடுடா. உன் மாமனாராத்தான் இருக்கும்" என்பார். வருவதைச் சொன்னது ரேடியோ, மாமனாரைச் சேர்த்தது அவர். கடன்காரன் கூப்பிட்டால் சத்தம் தடிக்கும் என்றும் ஒரு மரபு உண்டு. அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அனுபவ ஆதாரம் ஏராளம்.

காரணம் பற்றி ஊரில் நிலவும் கொள்கை, "ரெண்டு சிக்னலும் முட்டிக்குது" என்பது. கொள்கை அழகுதான், ஆனால் நிற்காது. சென்னை வானொலி மத்திய அலையில் 720 கிலோஹெர்ட்ஸில் வருகிறது. செல்போன் பேசுவது 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம். இருவரும் எதிரெதிரே வரும் தெருவே கிடையாது. பெட்டிக்குள் ஓடும் வயர்களே ஏரியலாகிப் போனின் அலையைப் பிடித்துவிடுகின்றன. டிரான்சிஸ்டரின் சந்திப்பு ஒரு திசையில் மட்டுமே தாராளமாக வழிவிடும் என்பதால், அலையில் பாதி அங்கே அறுபட்டு, அது எழுந்தும் அடங்கியும் வரும் தாளம் மட்டும் மிஞ்சுகிறது. ஆம்ப்ளிஃபயர் பாவம், அதையும் பாட்டென்று நம்பிப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஸ்டேஷனே வைக்காத ரேடியோவும், ஸ்டேஷன் என்றால் என்னவென்றே தெரியாத மைக் செட்டும் இரைவது இதனால்தான்.

இனி சங்கீதம். 2ஜி ஜிஎஸ்எம் முறையில் ஒரே அலைவரிசையை 8 பேர் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், ஏரித் தண்ணீர் பாய்ச்சுவதைப் போல. ஒருவருடைய முறை 577 மைக்ரோ விநாடி. மறுமுறை 4.615 மில்லி விநாடிக்கு ஒரு தடவை வரும். ஆக, போன் விநாடிக்கு 217 தடவை வாயைத் திறந்து மூடுகிறது. பாடகிகள் சிலர் வைத்துக்கொள்ளும் 6 கட்டைச் சுருதி சுமார் 220. அதற்கு மயிரிழை கீழே நிற்கிறது நம் இரைச்சல். சுருதிப் பெட்டி பழுதான பஜனைக் கோஷ்டிகளுக்கு இதைப் பரிந்துரைக்க எண்ணியிருந்தோம். அந்த மயிரிழையை முன்னிட்டுக் கைவிட்டோம். தாளமும் சாமானியமானதல்ல. பேச்சு தொடங்கியபின் 25 அடி அடித்து 26-ஆவதை விட்டுவிடும். ஏழு தாளத்தை ஐந்து ஜாதியால் பெருக்கி வரும் 35 தாளங்களில் 26 அட்சரத்துக்கு ஒன்றும் கிடையாது. வித்வான்கள் கவனிக்க.

இரைந்துவிட்டு மணியே அடிக்காமல் போவதும் உண்டு. சாஸ்திர விரோதிகள் தூக்கிப் பிடிப்பது இதைத்தான். அது பொய்ச்சொல் அல்ல. கூப்பிடுவார் யாரும் இல்லாவிட்டாலும், "இங்கேதான் இருக்கேன்" என்று போன் அவ்வப்போது டவருக்கு ஆஜர் கொடுக்க வேண்டும். சத்தத்தின் அளவுக்கும் காரணம் உண்டு. டவர் அருகில் இருந்தால் போன் கிசுகிசுக்கும். எட்ட இருந்தால் 2 வாட் வரை கத்தும். ஆகவே பஸ் ஸ்டாண்ட் கடை ரேடியோவில் முனகலாக வருவது, ஊரைத் தாண்டிய பம்ப்செட் கொட்டகையில் காதைப் பிளக்கும். சாஸ்திரம் பயில விரும்புவோர் சிக்னல் மோசமான இடமாகப் பார்த்துக் குடியேறவும்.

அடுத்து, வரலாற்றறிஞர்கள் கோட்டைவிட்ட ஒன்று. டவரிடம் முறை கேட்டு முதன்முதலில் குரல் கொடுக்கும்போது, பக்கத்தில் யார் கத்துகிறார்கள் என்று போனுக்குத் தெரியாது. இரண்டு ஒரே நேரத்தில் கத்தினால் இரண்டின் குரலும் எடுபடாமல் போகலாம். உடனே அவை ஆளுக்கொரு கால அளவைத் திருவுளச்சீட்டாக எடுத்து, அவ்வளவு நேரம் சும்மா இருந்து, திரும்பக் கத்தும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஊர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்கச் சொல்வதும் இதே தத்துவம்தான்: 30 குடும்பு, ஓலை, குடம், ஒரு சிறுவனின் கை. 1980-களில் ஜிஎஸ்எம்முக்கு இலக்கணம் வகுத்த ஐரோப்பியப் பொறியாளர்கள் உத்திரமேரூரை அடிக்குறிப்பில்கூடச் சேர்க்கவில்லை. ஆய்வு நெறிக்கு இது அடுக்காது.

சாஸ்திரம் நலிந்த கதை சின்னது. 2003-இல் 501 ரூபாய்க்கு வந்த சிடிஎம்ஏ போன்களை ரேடியோ பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. 2016 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய ஜியோ 4ஜியில் அந்த 217 தடவைத் தாளமே கிடையாது. பலன் பார்க்க இன்று 2ஜி சிம் போட்ட கீபேட் போன் ஒன்றைத் தேடிப்பிடிக்க வேண்டும்.

அப்படிப்பட்ட போன்கள் இன்னும் தவறாமல் வந்து சேரும் இடம் கிராம சபை மைக். அதற்காகக் கல்வெட்டை ஒட்டிச் சில விதிகள் வகுத்தோம். மைக் பிடிப்பவர் 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருத்தல் வேண்டும். சட்டைப் பையில் போனோடு பேசி ஒருமுறை மைக்கை அலற விட்டவர் மறுபடி மைக் தொடலாகாது. கணக்குக் காட்டாத வாரியத்தாருக்குக் கல்வெட்டு வைத்த தண்டனை உறவினரையும் தொட்டதால், அன்னாரின் மைத்துனரும் சித்தி பிள்ளைகளும் பெரியம்மா பிள்ளைகளும் தொடலாகாது.

விதிகளை மைக் செட்காரரிடம் படித்துக் காட்டினோம். வயரைச் சுற்றிக்கொண்டே கேட்டவர், "எதுக்கு சார் இவ்ளோ? ஷீல்டு வயரு போட்டுக்கினு, போனை மைக்குலருந்து ஒரு முழம் தள்ளி வைக்கச் சொன்னா போதும்" என்றார்.

அந்த முழம் யாருடைய கை முழம் என்பதை அவர் தெளிவுபடுத்தவில்லை.