கடலை வாங்குற காசு

தீபாவளிக் கூட்டத்தில் ஜவுளிக்கடை மாடியில் நின்றவர்களுக்கு அந்தக் குரல் தெரியும். "இந்த டிசைன் பாருங்கக்கா. உங்க வசதிக்கு இதெல்லாம் ஒரு ரேட்டா?" ஒரு புடவையை மடிப்பதற்குள் அடுத்தது வந்து விழும்.

2018 மார்ச் 20 அன்று அதே குரல் வாஷிங்டன் வெள்ளை மாளிகையில் ஆங்கிலத்தில் கேட்டது. வாடிக்கையாளர் சவூதி பட்டத்து இளவரசர் முகம்மது பின் சல்மான். கடைக்காரர் அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப். கையில் பெரிய பெரிய அட்டைகள், அட்டையில் ஆயுதப் படங்கள், பக்கத்தில் விலை. ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தவர் 525 மில்லியன் டாலர் என்ற வரியில் நிறுத்தி, உங்களுக்கு இது வேர்க்கடலை என்றார். அன்றைய மதிப்பில் சுமார் 3,400 கோடி ரூபாய்க்குக் கடலை. இளவரசர் சிரித்தார்.

அட்டையைக் காட்டியதற்காக உலகமே ட்ரம்பைக் கேலி செய்தது. எனக்கு அவர்மேல் அந்தக் குறை கிடையாது. ஏமன்மீது சவூதி கூட்டணி குண்டு போட ஆரம்பித்தது 2015 மார்ச்சில். அப்போது வெள்ளை மாளிகையில் இருந்தவர் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய ஒபாமா. குண்டும் போனது, பெட்ரோலும் போனது, உளவுத் தகவலும் போனது. அவர் அட்டையை மேசைக்கு அடியில் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

பெட்ரோல் என்றதும் ஞாபகம் வருகிறது. சவூதி போர் விமானங்கள் குண்டு போடப் போகும் வழியில், ஆகாயத்திலேயே அவற்றுக்கு எரிபொருள் நிரப்பியது அமெரிக்கா. அட்டை விழாவுக்கு ஒரு வாரம் முன்னால், அந்தப் பிராந்தியத்தின் அமெரிக்கப் படைத் தளபதி ஜோசப் வோட்டெலிடம் செனட் குழுவில் கேட்டார்கள்: நாம் நிரப்பிவிட்ட விமானம் அப்புறம் எங்கே போகிறது, எதன்மேல் போடுகிறது? அதை நாங்கள் பின்தொடர்வதில்லை என்றார் தளபதி. நியாயம்தானே. பங்க்கில் பெட்ரோல் போடும் பையன், "ஜீரோ பாத்துக்கங்க சார்" என்பதோடு சரி. எங்கே போறீங்க, யாரை இடிக்கப் போறீங்க என்றா கேட்கிறான்?

ஆனால் பங்க் பையன் காசு வாங்க மறக்க மாட்டான். 2018 டிசம்பரில் வெளியே வந்த சங்கதி இது. எரிபொருளுக்கும் விமானம் பறந்த மணிக்கணக்குக்கும் சேர்த்து, சவூதியிடமும் ஐக்கிய அரபு அமீரகத்திடமும் வசூலிக்க வேண்டிய 331 மில்லியன் டாலரை பென்டகன் வசூலிக்கவே இல்லை. கணக்கில் பிழை நேர்ந்துவிட்டதாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் ஊரில். ஆகாயத்தில் ஊற்றியதை அளக்க விட்டுப்போய்விட்டது. விஷயம் வெளியே வந்ததும் பில் போட்டு வசூலிக்கிறோம் என்றார்கள். அந்தப் போரில் நடந்த தவறுகளில், இவ்வளவு சுறுசுறுப்பாகத் திருத்தக் கிளம்பிய தவறு இது ஒன்றுதான்.

மற்ற தவறுகளில் ஒன்றைச் சொல்கிறேன்.

2018 ஆகஸ்ட் 9. வடக்கு ஏமனின் சஅதா மாகாணத்தில் தஹ்யான் என்கிற ஊர். கோடைகால வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு ஏற்றிக்கொண்டு போன பஸ், வழியில் சந்தைக்குள் நின்றது. பஸ்ஸுக்குள் ஒரு பையன் செல்போனில் எடுத்த வீடியோ மிஞ்சியிருக்கிறது. ஒருவர்மேல் ஒருவர் ஏறிக்கொண்டு, கத்திக்கொண்டு, சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு. பள்ளிச் சுற்றுலா பஸ்ஸில் எந்த ஊர்ப் பிள்ளைகளும் அப்படித்தான். அதன் பிறகு எடுத்த படங்களில் இருப்பவை நீல நிறப் புத்தகப் பைகள். யூனிசெஃப் கொடுத்தவை, முத்திரை தெளிவாகத் தெரிகிறது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்குப்படி செத்தவர்கள் 51 பேர். அதில் 40 பேர் குழந்தைகள்.

முறையான ராணுவ நடவடிக்கை என்று அன்றைக்கே அறிவித்தது சவூதி கூட்டணி. தவறு நடந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று.

சிதறிய இரும்பை ஊர்க்காரர்கள் பொறுக்கி எடுத்துப் படம் பிடித்தார்கள். ஒரு துண்டில் எழுத்தும் எண்ணும் இருந்தன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குச் சரக்கு கொடுக்கிற ஒவ்வொரு கம்பெனிக்கும் ஐந்து எழுத்தில் ஒரு குறியீடு உண்டு. அதை வைத்துத் தேடினால் கம்பெனி பெயர் வந்துவிடும். வந்தது: லாக்ஹீட் மார்ட்டின். லேசர் வழிகாட்டலில் போய் விழும் 227 கிலோ எம்கே-82 ரகக் குண்டு. நம் ஊரில் பிறப்புச் சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீஸுக்கும் பஞ்சாயத்து ஆபீஸுக்கும் எத்தனை நடை நடக்கிறோம்! அந்தக் குண்டு சான்றிதழை உடம்பிலேயே பொறித்துக்கொண்டு வந்திருக்கிறது. எந்தக் கம்பெனி செய்தது, எந்தச் சட்டத்தில் விற்றது, எல்லாவற்றுக்கும் காகிதம் இருக்கிறது. பஸ்ஸுக்கு யார் பொறுப்பு என்பதற்குத்தான் காகிதம் இல்லை.

இந்தக் காகிதங்களோடு எனக்குப் பழைய உறவு. பத்திரிகை டெஸ்க்கில் உட்கார்ந்து ஏஜென்சிச் செய்திகளைத் தமிழாக்கிய காலத்தில் "ராணுவ உதவி" என்று எத்தனை நூறு முறை தட்டியிருப்பேனோ. கை கூசியதே இல்லை. வெள்ள நிவாரண உதவி, திருமண உதவி, ராணுவ உதவி. மூன்றுக்கும் ஒரே சொல்தான்.

அந்த உதவி எப்படி நடக்கிறது தெரியுமா? இஸ்ரேலுக்கு அமெரிக்கா 2016இல் எழுதிக் கொடுத்த ஒப்பந்தப்படி பத்து வருடத்துக்கு 38 பில்லியன் டாலர். பணம் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க மத்திய வங்கிக் கணக்கில் விழுகிறது, வட்டியும் சேர்கிறது. இதில் ஒரு பங்கை இஸ்ரேல் தன் ஊர்க் கம்பெனிகளிடம் செலவு செய்துகொள்ளலாம் என்று முன்பு இருந்த சலுகையையும் இந்த ஒப்பந்தத்தில் படிப்படியாக நிறுத்துகிறார்கள். மொத்தமும் அமெரிக்கக் கம்பெனிகளுக்கே போய்ச் சேர வேண்டும். நகைக்கடைச் சீட்டு மாதிரி: அந்தக் கடையில்தான் மாற்ற முடியும். ஒரே வித்தியாசம், இங்கே சீட்டுக் கட்டுவது அமெரிக்காவில் வரி கட்டுகிற பள்ளிக்கூட வாத்தியாரும் லாரி டிரைவரும். நகை போட்டுக்கொள்வது இஸ்ரேல். லாபம் கடைக்கு. இதற்கு நான் வைத்த பெயர் உதவி.

விற்பனைக் காகிதத்துக்கு வருவோம். பெரிய விற்பனை எதுவானாலும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அறிவிப்புப் போக வேண்டும். அந்த அறிவிப்புகளில் தவறாமல் வரும் ஒரு வரியைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: இந்த விற்பனையால் அந்தப் பிராந்தியத்தின் அடிப்படை ராணுவச் சமநிலை மாறாது. டாங்கி விற்றாலும் இதே வரி, ஏவுகணை விற்றாலும் இதே வரி. பல ஆயிரம் கோடிக்கு மருந்து விற்றுவிட்டு, இதனால் நோயாளிக்கு எந்த மாற்றமும் வராது என்று சீட்டில் எழுதிக் கொடுக்கும் டாக்டரை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

நாடாளுமன்றம் குறுக்கே வந்தால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 2019 மே மாதம் வெளியுறவு அமைச்சர் மைக் பாம்பியோ, ஈரானால் அவசரநிலை என்று அறிவித்து 22 விற்பனைகளை, 8.1 பில்லியன் டாலர் பெறுமானம், ஒரே மூச்சில் நாடாளுமன்றத்தைத் தாண்டவைத்துவிட்டார். இரு சபைகளும் தடுத்துத் தீர்மானம் போட்டன. ஜூலையில் ட்ரம்ப் அதை ரத்து செய்தார். அடுத்து ஆளவந்த கட்சிக்கும் இந்த வழி கசக்கவில்லை. 2023 டிசம்பரில் பைடனின் அமைச்சர் ஆண்டனி பிளிங்கன் இஸ்ரேலுக்கு டாங்கிக் குண்டுகள் அனுப்பியதும் இதே அவசரநிலை விதியில்தான். எண்ணிக்கை 13,981. பதினாலாயிரம் என்று முழுசாகச் சொல்லவில்லை பாருங்கள். எண்ணித்தான் கொடுக்கிறார்கள்.

எண்ணாதது எது என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே 2022இல் சொல்லிவிட்டது. 2015 முதல் 2021 வரை சவூதிக்கும் அமீரகத்துக்கும் பாதுகாப்புத் துறை கையாண்ட ராணுவ உதவி குறைந்தது 54.6 பில்லியன் டாலர். அதனால் ஏமனில் பொதுமக்களுக்கு எவ்வளவு சேதம் என்று கேட்டால், முழுசாகக் கண்டறியவில்லை. ஏழு வருடம்!

லண்டன் இதைவிடப் பண்பட்ட ஊர். அங்கே கோர்ட் உண்டு, வெட்கம் உண்டு, மன்னிப்பும் உண்டு. சவூதி தாக்குதல்களில் முன்பு சட்ட மீறல் நடந்ததா என்று பார்க்காமலே ஆயுத உரிமம் கொடுத்தது செல்லாது என்று 2019 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. புது உரிமம் தர மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த அரசு, செப்டம்பரில் கோர்ட் முன்னால் வந்து நின்றது. கவனிக்காமல் சில உரிமங்கள் கொடுத்துவிட்டோம், மன்னிக்கவும். ரேஷன் கடையில் கவனிக்காமல் அரை கிலோ சர்க்கரை கூடப் போய்விட்டால் ஊழியர் சஸ்பெண்ட்.

2020 ஜூலை 6 அன்று, பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொலையில் தொடர்புடைய சவூதிக்காரர்கள் 20 பேர்மீது பிரிட்டன் தடை விதித்தது. மனித உரிமைக்கு நாங்கள் காவல் என்று வெளியுறவு அமைச்சர் முழங்கினார். மறுநாள், ஜூலை 7, வர்த்தக அமைச்சர் லிஸ் ட்ரஸ் சவூதிக்கு ஆயுத உரிமங்களை மறுபடி திறந்துவிட்டார். ஏமனில் நடந்திருக்கக்கூடிய மீறல்கள் தனித்தனிச் சம்பவங்களாம். வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு சூழலில், வெவ்வேறு காரணத்தால் நடந்தவையாம். ஒரே தெருவில் ஒரே ஆள் பத்து வீட்டில் திருடினாலும், திங்கள் திருடியது வேறு, செவ்வாய் திருடியது வேறு. போலீஸ் ஸ்டேஷனில் இப்படிச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள் யாரையாவது.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று நம் பாட்டிகள் சொன்னது இவர்களுக்குப் பொருந்தும் என்று நினைத்திருந்தேன். 2021 மார்ச்சில் அதுவும் பொய்த்தது. ஏமனுக்கான நிவாரணத் தொகையைக் கிட்டத்தட்ட பாதியாக வெட்டி 87 மில்லியன் பவுண்டாக்கியது பிரிட்டன். கிள்ளுவது நிற்கவில்லை. தொட்டில் ஆட்டும் கூலிதான் குறைந்தது. அந்த வருட முடிவுக்குள் இந்தப் போரால் 3,77,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மதிப்பீடு. பாதிக்கு மேல் பசியிலும் நோயிலும்.

பைடன் பதவிக்கு வந்ததும், 2021 பிப்ரவரியில், தாக்குதல் நடவடிக்கைகளுக்கு இனி ஆதரவில்லை என்றார். கைதட்டினார்கள், நானும்தான். எது தாக்குதல், எது தற்காப்பு என்று பிரித்துச் சொல்லவில்லை. நவம்பரில் 280 வான் ஏவுகணைகள், 650 மில்லியன் டாலர், தற்காப்புக் கணக்கில். 2024 ஆகஸ்டில் அந்தப் பிரிவினையும் வேண்டாம் என்று தாக்குதல் ஆயுதத் தடையையே நீக்கினார்கள்.

அதே வருடம் மார்ச் 2 அன்று காஸாமீது அமெரிக்க விமானங்கள் 38,000 சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பாராசூட்டில் போட்டன. இஸ்ரேல் போட்ட அமெரிக்கக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த அதே வானத்திலிருந்து. சோறா குண்டா என்று கீழே நிற்பவன் அண்ணாந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு மாதம் கழித்து வாஷிங்டன் ஓர் அறிக்கை கொடுத்தது. தன் ஆயுதங்கள் சர்வதேச மனிதாபிமானச் சட்டத்துக்கு முரணாகப் பயன்பட்டிருக்கின்றன என்று கருத இடமிருக்கிறதாம். ஆனால் முழுத் தகவல் இல்லையாம். ஆகவே இஸ்ரேல் கொடுத்த உறுதிமொழி நம்பத்தக்கதாம். மூன்றாவதில் வரும் அந்த "ஆகவே"யைப் போட எனக்கு முப்பது வருட அனுபவம் போதாது.

2025 மே மாதம் ரியாதில் 142 பில்லியன் டாலர் ஆயுதப் பட்டியல். வரலாற்றிலேயே பெரியது என்றது வெள்ளை மாளிகை. நவம்பரில் இளவரசர் மறுபடி ஓவல் அறைக்கு வந்தார். இந்த முறை எஃப்-35 விமானம். நிருபர் ஒருவர் கஷோகி பற்றிக் கேட்டதற்கு, சில விஷயங்கள் நடந்துவிடும் என்றார் கடைக்காரர், வாடிக்கையாளரைச் சங்கடப்படுத்தியதற்காக நிருபரையும் கடிந்துகொண்டார்.

எஃப்-35க்கான அறிவிப்பு நாடாளுமன்றத்துக்குப் போகும்போது டெஸ்க்கில் தமிழாக்கப் போகும் தம்பிக்கு ஒரு வரியை இப்போதே தட்டி வைக்கிறேன், நேரம் மிச்சமாகும்: இந்த விற்பனையால் அந்தப் பிராந்தியத்தின் அடிப்படை ராணுவச் சமநிலை மாறாது.