இரும்பு எங்கே இருக்கிறது?

கேள்வி: புல்மோட்டையில் காந்தத்தை வைத்துத்தான் கறுப்பு மணலில் இருந்து இல்மனைற்றைப் பிரிக்கிறார்கள். புரதத்தையும் அப்படிப் பிரிக்கலாம் என்கிறாள் மகள். புரதத்துக்குள் இரும்புத்தூளோ இருக்கிறது? (கொக்கிளாய் வாசகர்)

பதில்: மகள் சொன்னது சரி. இல்மனைற்று தானாகவே காந்தத்துக்கு இழுபடும். புரதம் இழுபடாது, ஹீமோகுளோபினில்கூட நாலே நாலு இரும்பு அணுக்கள்தான், கைக்காந்தத்துக்கு அது அசையாது. அதனால் இரும்பு ஒட்சைட்டு அடைத்த, சில மைக்ரோமீற்றர் பருமனுள்ள மணிகளைச் செய்து, வேண்டிய புரதம் வந்து ஒட்டும்படி மேலே ஒரு பூச்சுப் பூசுகிறார்கள். ஆளைப் பார்த்துப் பிடிப்பது பூச்சு, கரைக்கு இழுத்து வருவது காந்தம்.

கேள்வி: வேண்டாததும் சேர்ந்து ஒட்டாதோ? (கிளிநொச்சி, உயர்தர மாணவி)

பதில்: ஒட்டும், அதற்குத்தான் கழுவுவது. பற்றீரியாவைக் கொண்டு புரதம் செய்விக்கும்போது அதன் நுனியில் ஆறு ஹிஸ்ரிடின் அமினோ அமிலங்களை வாலாகச் சேர்த்துவிடுவார்கள். நிக்கல் அயன் உள்ள மணியை அந்த வால் இறுகப் பிடிக்கும். பற்றீரியாவை உடைத்த சாற்றில் மணிகளைக் கலந்து, குழாயின் பக்கத்தில் காந்தத்தை வையுங்கள். கபிலக் கலங்கல் மெல்ல மெல்லத் தெளியும். சுவரோரம் கறுப்புப் பொட்டொன்று சேரும். திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஐதான இமிடசோல் கரைசலால் கழுவினால் அரைகுறையாக ஒட்டியவை போய்விடும். பிறகு செறிவான இமிடசோல். ஹிஸ்ரிடினில் உள்ள வளையமும் அதேதான் என்பதால், இமிடசோல் கூட்டமாக வந்து நிக்கலில் இடம்பிடிக்கும், புரதம் கழன்றுவிடும்.

கேள்வி: காந்தத்தில் உரசிய ஊசி அடுத்த ஊசியை இழுக்கிறதே, மணிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாதோ? (ஒட்டுசுட்டான்)

பதில்: அருமையான கேள்வி, முழு நுட்பமும் இதற்குள்தான் இருக்கிறது. மணிக்குள் இருப்பவை ஏறக்குறைய 10 நனோமீற்றர் அளவான துகள்கள். அவ்வளவு சிறியதென்றால், அறை வெப்பமே அதன் காந்தத் திசையை ஓயாமல் புரட்டிக்கொண்டிருக்கும். காந்தம் கிட்ட இருந்தால் எல்லாம் ஒரு திசை பார்க்கும். எடுத்தால் உடனே மறந்துவிடும், ஒரு குலுக்கில் பரவிவிடும். மணிகளை ஒரே அளவில் செய்வது இன்னொரு சிக்கல். அதை 1970களில் நோர்வேயின் ஜோன் ஊகல்ஸ்ராட் தீர்த்துவைத்தார்.

கேள்வி: இதனால் எங்களுக்கு என்ன? (வவுனியா)

பதில்: தைரொயிட்டு ஓமோன் சோதனைக்கு இரத்தம் கொடுத்திருக்கிறீர்களா? பல ஆய்வுகூடக் கருவிகளில் அந்த ஓமோனைப் பிடிப்பது காந்த மணிதான். கொரோனாக் காலத்துப் பீ.சீ.ஆரிலும் வைரசின் ஆர்.என்.ஏ.யைப் பல இடங்களில் இதே வழியில்தான் பிரித்தார்கள்.

கேள்வி: கிளிநொச்சி அறிவியல்நகரில் இது சரிவருமோ? (கனகபுரம்)

பதில்: ஏன் சரிவராது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் அங்கேதானே இருக்கின்றன. மணி விலைதான், ஆனால் பெரிய கருவி இல்லாமல் மில்லிகிராம் கணக்கில் புரதம் எடுக்கலாம். உள்ளே வைக்கும் ஒட்சைட்டைப் பாடசாலையிலேயே செய்து பார்க்கலாம். பெரசு உப்பு ஒரு பங்கு, பெரிக்கு உப்பு இரண்டு பங்கு, அதில் அமோனியாவை விட்டால் கறுப்பு வீழ்படிவு வரும். கண்ணாடிக்கு வெளியே காந்தத்தை நகர்த்தினால் அதுவும் கூடவே நகரும். ஆசிரியர் பக்கத்தில் நிற்க, யன்னல்களைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். அமோனியா கண்ணை எரிக்கும்.