வடைக்கு வந்த கொலஸ்ட்ரால்

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வாழ்வாதாரம் வழங்கும் விழா. பந்தல், பேனர், மேடையில் வரிசையாகக் கிரைண்டர்கள். கிரைண்டர் இல்லாத வருடம் தையல் மிஷின், அதுவும் இல்லாவிட்டால் ஆடு. பி.காம். படித்துக் கணக்கு எழுதியவரானாலும் சரி, பதினைந்து வருடம் லாரி ஓட்டியவரானாலும் சரி, ரத்தத்தில் கிருமி இருப்பது தெரிந்த அன்றே மாவரைக்கும் ஆசை வந்துவிடும் என்பது அதிகாரிகளின் கண்டுபிடிப்பு.

சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் மனிதநேயம் பேசினார். “தொட்டால் பரவாது, கூட உட்கார்ந்து சாப்பிட்டால் பரவாது” என்று மைக் அதிர முழங்கினார். இறங்கியதும் பயனாளிகள் சுட்ட வடை வந்தது. ஐயாவுக்கு அந்த நிமிஷம் பார்த்துக் கொலஸ்ட்ரால் ஏறிவிட்டது. மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் போதும் என்றார்.

பிறகு போட்டோ. கிரைண்டரின் ஒரு பக்கம் அவர் கை, மறுபக்கம் அதை வாங்க வந்த பெண்ணின் கை. “தலையைக் குனியாதம்மா, மூஞ்சி தெரியல.” முகம் நன்றாகவே தெரிந்தது. அவள் பஸ் பிடித்து ஊர் திரும்புவதற்குள் படம் வாட்ஸ்அப்பில் அவள் தெருவுக்குப் போய்விட்டது. அவளிடம் “நாலு இட்லி கட்டுங்கக்கா” என்று நின்றவர்கள் மறுநாள் எதிர்ச்சாரியில் நடந்தார்கள். மாவு புளிக்கும் முன்பே வியாபாரம் புளித்துவிட்டது. ஆவியில் வெந்த இட்லிக்குள் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும்? நம் பயம் மட்டும் எவ்வளவு வேகவைத்தாலும் சாவதில்லை.

கூலி வேலைக்குப் போகலாமே என்பீர்கள். மருந்து வாங்கும் நாளில் லீவு கேட்டால், “எதுக்கு அடிக்கடி ஜி.எச்.?” என்பார் முதலாளி. காரணம் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் அன்றைய கூலி போகும்.

இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். 2004இலிருந்து கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். அதை விடாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் கிருமி தென்படாத நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவில்கூடப் பரவாது. மருத்துவம் இவ்வளவு தூரம் வந்தும் நம் தெரு 1986லேயே நிற்கிறது. வேலையில் பாகுபாடு கூடாது, சம்மதமில்லாமல் ஒருவரின் நிலையை வெளியிடக் கூடாது என்று 2017இல் சட்டம் வந்தது. 2018 செப்டம்பரில் அமலுக்கும் வந்தது. “மூஞ்சி தெரியல” என்றவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

வருடக் கடைசி அறிக்கையில் இலக்கு நூறு சதவீதம் எட்டப்பட்டிருக்கும். எத்தனை கிரைண்டர் கொடுத்தோம் என்று எழுதக் கட்டம் உண்டு. எத்தனை இட்லி விற்றது என்று எழுதக் கட்டம் கிடையாது. அந்தக் கிரைண்டர் மூன்றாம் மாதமே பாதி விலைக்குப் போய்விட்ட சங்கதியை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஐயா, அடுத்த தடவை மாலையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம், போட்டோ வேண்டவே வேண்டாம். அவள் பேர் வெளியே போய்விட்ட அந்தத் தெருவுக்கு ஒரு காலை வாருங்கள். நாலு பேர் பார்க்க உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிடுங்கள். மறக்காமல் காசு கொடுத்துவிட்டுப் போங்கள்.