வாழத் தகுதியற்ற ஊரில் மனை விற்பனைக்கு

ராமேஸ்வரத்தில் பாவத்தைத் தொலைப்பது சுலபம். வாடகைக்கு வீடு பிடிப்பதுதான் பெரும்பாடு. கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். ஈர வேட்டியோடு வரிசையில் நின்றால் ஏழு ஜென்மத்துக் கணக்கையும் அரை நாளில் வாளி வாளியாக ஊற்றித் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். அந்த வாளியை இறைக்கிறவர் பெண்டாட்டி பிள்ளையோடு குடியிருக்க இரண்டு அறை தேடிச் சந்து சந்தாக அலைந்தால், "மாச வாடகைக்கெல்லாம் இப்ப விடுறதில்லண்ணே, டெய்லி ரென்ட்டுதான்" என்று பாதிக் கதவிலேயே பதில் வரும். வீட்டுக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? ஆடி அமாவாசை, தை அமாவாசை, நடுவில் நாலைந்து தொடர் விடுமுறை. அதில் பார்க்கிற காசை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மாதாமாதம் புலம்புகிற குடித்தனக்காரன் தருவானா?

2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை 44,856. அமாவாசையன்று அக்னி தீர்த்தக் கரையில் இறங்குகிற கூட்டமோ லட்சக்கணக்கில். ஓட்டுப் போடுகிறவன் சிறுபான்மை, ரூம் போடுகிறவன் பெரும்பான்மை. ஜனநாயகம் யார் பக்கம் நிற்கும் என்று நினைக்கிறீர்கள்?

6 ஏப்ரல் 2025 அன்று பாம்பனில் புதிய ரயில் பாலத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். அருமையான பாலம், அதில் ஐயமில்லை. 1914ல் வெள்ளைக்காரன் கட்டியதை ஆட்கள் கையால் நெம்பித் திறக்க வேண்டியிருந்தது; இதில் 72.5 மீட்டர் நடுப்பகுதி கப்பலுக்கு வழிவிட்டு அப்படியே மேலே எழும், கப்பல் போனதும் இறங்கும். தீவின் மனை விலைக்கு இதில் முதல் வித்தை மட்டும்தான் தெரியும்.

அதற்கு முந்தைய மாதம் மாநில பட்ஜெட்டில் ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்று ஒரு வரி வந்தது. வரி வந்தால் போதாதா? இடம் முடிவாகும்வரை காத்திருக்க மனை வியாபாரி என்ன அரசாங்கமா? "ஏர்போர்ட்டுக்கு 15 நிமிடம்" என்று ஃப்ளெக்ஸில் போட்டுவிட வேண்டியதுதான். எந்தத் திசையில் 15 நிமிடம் என்று கேட்பவன் மனை வாங்க வந்தவன் அல்ல, வம்பு வாங்க வந்தவன்.

மனை போடும் சடங்கை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். முதலில் பனைகள் சாயும். பிறகு மணலில் வெள்ளையடித்த கற்கள் முளைக்கும், கலர்க் கொடி பறக்கும், சிமென்ட் வளைவில் "கலாம் பிறந்த புண்ணிய பூமி" என்று எழுத்து ஏறும். வெளியூர்க் காரில் வந்து இறங்குகிற குடும்பத்துக்கு ஜிலுஜிலு மோரும் மதியம் பிரியாணியும் இலவசம். ஏஜென்ட் ஓரமாய்த் தோண்டிவைத்த குழியைக் காட்டுவார். "பாருங்க சார், ஆறடியில தண்ணி. குடிச்சுப் பாருங்க, தேங்காத் தண்ணி." உண்மைதான். மழை தந்த நல்ல தண்ணீர் இந்த மணலுக்குள் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. பக்கத்து லாட்ஜ் போர் போட்டு நாலு மாடிக்கு உறிஞ்சும்வரை அது மிதக்கும். அதற்கப்புறம் தேங்காய் மட்டும் மிஞ்சும். ஊர்ப் பெண்கள் தண்ணீருக்காக நாலு சக்கர வண்டியில் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு போவதைச் சுற்றுலாப் பயணிகள் 'கிராமத்து அழகு' என்று படம் பிடிக்கிறார்கள்.

கலாம் பெயரை எடுத்தோம், அதையும் பேசிவிடுவோம். 1931ல் பள்ளிவாசல் தெருவில் ஒரு படகுக்காரர் வீட்டில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர் அவர். இன்றைக்கு ஒரு படகுக்காரர் ஐந்து பிள்ளைகளோடு வந்து அதே தெருவில் வீடு கேட்டால் என்ன நடக்கும்? முதல் கேள்வி, "எத்தனை பேர்?" இரண்டாவது, "அட்வான்ஸ் எவ்வளவு தருவீங்க?" மூன்றாவது கேள்விக்கு அவசியமே இராது. வங்கிக்குப் போகலாம்தான். வருடத்தில் 61 நாள் மீன்பிடித் தடை, எல்லை தாண்டினார் என்று இலங்கைக் கடற்படை பிடித்துப்போனால் படகும் போச்சு, ஆளும் சிறையில். மேலாளர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "சம்பளச் சான்று இருக்கா?" என்பார். கடலிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறார் போலிருக்கிறது.

பத்திரப் பதிவில் இந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எல்லாம் வழிகாட்டி மதிப்புக்கு. மிச்ச விலை மஞ்சள் பையில் தனியாக வரும். அதற்குச் சம்பளச் சான்று கேட்பாரில்லை.

ஆனால் வயிறு எரிவது தனுஷ்கோடிக்குப் போகும்போதுதான். 1964 டிசம்பர் 22 இரவில் புயல் அந்த ஊரை விழுங்கியது, ரயிலோடு சேர்த்து. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. செத்தவர்கள் போக மிஞ்சிய மீனவர்கள் அங்கேயேதான் ஓலைக் குடிசை போட்டு வலை வீசினார்கள். மீன் இருக்கிற இடத்தில்தானே மீனவன் இருக்க முடியும்? பட்டா கேட்டால், வாழத் தகுதியற்ற இடத்தில் ஏதப்பா பட்டா? கரண்ட் கேட்டால், வாழாத ஊருக்கு எதுக்குக் கரண்ட்? அரை நூற்றாண்டு இதே பல்லவி.

2017ல் அதே மண்ணில் அரிச்சல்முனைவரை பளபளவென்று தார்ச்சாலை வந்தது. வாழத் தகுதியில்லை, சரி. செல்ஃபி எடுக்கத் தகுதி உண்டு. கார் நிறுத்தத் தகுதி உண்டு. பிளாஸ்டிக் போட்டுவிட்டுப் போகத் தகுதி உண்டு. கடற்கரையிலிருந்து இத்தனை மீட்டருக்குள் கட்டக்கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறதே, அது கீற்றுக் குடிசையைக் கண்டால் எழுந்து நின்று படிக்கும். சுற்றுச்சுவர் வைத்த ரிசார்ட்டைக் கண்டால் அதற்குக் கண் கூசும். தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுக்கிற பெண்களைத் தேசியப் பூங்கா என்று சொல்லி விரட்டத் தெரிந்தவர்களுக்கு, விடுதிகளின் சாக்கடை புனித நீராடும் கடலில் கலப்பது மட்டும் மூக்கில் ஏறுவதில்லை. கோர்ட்டு கேட்டால்தான் ஏறுகிறது, அதுவும் அடுத்த வாய்தா வரை.

இதற்கிடையில் ஊர் கலகலப்பாகவே இருக்கிறது. பெரிய மனிதர் தரிசனத்துக்கு வந்தால் ரதவீதிக் கடைகளைத் துணிபோட்டு மூடச் சொல்வார்கள். பள்ளிப் பிள்ளைகள் தடுப்புக்கட்டை சுற்றி நடக்கும். ஒரு பக்கம் லாட்ஜ் திறப்பு விழாவுக்கு நாதஸ்வரம், மறுபக்கம் சிறைப்பட்ட மீனவர்களை மீட்கச் சொல்லி உண்ணாவிரதம். இரண்டுக்கும் ஒரே பந்தல்காரர். அவரிடம் விசாரித்துப் பாருங்கள், இரண்டில் எது கடன் சொல்லாமல் காசு கொடுக்கிறது என்று.

வாங்க வந்தவரே, தாராளமாக வாங்குங்கள். கடல் பார்த்த மனை, கிழக்குப் பார்த்த வாசல், வருடத்தில் இரண்டு நாள் வந்து தங்க நல்ல காற்று. ஆனால் உங்கள் வீட்டைப் பூட்டிவைத்த 363 நாளும் காவல் காக்க, லாட்ஜில் மெத்தை உதற, அமாவாசைக்கு மறுநாள் கரையில் கிடக்கும் ஈரத்துணியை அள்ள ஆள் வேண்டுமென்று பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபத்திலும் உச்சிப்புளியிலும் தேடிக்கொண்டு போகாதீர்கள். இங்கிருந்து விரட்டப்பட்டவர்கள் அங்கேதான் குடிபோனார்கள். இப்போது அங்கேயும் கல் நட்டுக் கொடி கட்டியாகிவிட்டது.