உரிமையாளர் ஊரில் இல்லாத நாட்களில் குதிரை

குதிரை வைத்திருப்பவர் வெளியூர் கிளம்பும்போது இரண்டு ஏற்பாடுகள் செய்தாக வேண்டும். ஒன்று குதிரையின் வயிற்றுக்கு, மற்றொன்று அதன் கால்களுக்கு. குதிரையின் மனத்துக்கு ஏற்பாடு எதுவும் தேவையில்லை. வாரம் மூன்று முறை வந்து முதுகில் ஏறுகிறவர் வராமல் போனதற்காக எந்தக் குதிரையும் தீனியை ஒதுக்கியதில்லை. தினமும் தீனி வைக்கிற குதிரைக்காரர் வராவிட்டால்தான் அது லாயத்துக் கதவை உதைக்கிறது.

கொல்கத்தாவில் இந்தப் பிரச்சினை தலைமுறை தலைமுறையாகத் தீர்க்கப்பட்டுவரும் இடங்களில் டாலிகஞ்ச் ஒன்று. 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தான் குடும்பத்தார் இந்தப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். முன்பு அவுரித் தோட்டமாக இருந்து பின்னர் அவர்கள் கைக்கு வந்த நிலத்தில்தான் 1895-இல் டாலிகஞ்ச் கிளப் தொடங்கியது. ஏறக்குறைய நூறு ஏக்கர், பெரிய மரங்கள், கோல்ஃப் மைதானம், குதிரை லாயம். இவ்வளவு வசதி இருந்தும் உரிமையாளர் ரயில் ஏறும் நாளில் பதற்றம் குறைவதில்லை.

பதற்றத்தின் முதல் அடையாளம் தீனி மூட்டை. 'நான் இல்லாத குறை தெரியக்கூடாது' என்று கொண்டைக்கடலையும் பார்லியும் தவிடும் வழக்கத்தைவிட ஒரு பங்கு கூடுதலாக வாங்கி அடுக்கப்படுகின்றன. குதிரைக்கு ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. அவ்வளவு பெரிய உடம்புக்கு அதன் இரைப்பை மிகச் சிறியது. எட்டிலிருந்து பதினைந்து லிட்டர்வரைதான் கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது முன்பக்கமாகத் திரும்பி வர வழியே இல்லை. அதனால் தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலவேளை கொடுத்து, மீதி நேரமெல்லாம் புல்லையும் வைக்கோலையும் மென்றுகொண்டிருக்க விட வேண்டும். தண்ணீர் நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர். மே மாதத்தில் அதற்கு மேலும் ஆகும்.

வேலை குறைந்தால் தானியமும் குறைய வேண்டும் என்பது லாயத்தின் அடிப்படைச் சட்டம். இதை மீறினால் வருவதற்குத் 'திங்கட்கிழமை நோய்' என்றே பெயர். வண்டிக்குதிரைகள் மிகுந்திருந்த காலத்தில், ஞாயிறன்று வேலையில்லாமல் முழுத் தீனி தின்ற குதிரை, மறுநாள் வண்டியில் பூட்டிய சிறிது நேரத்தில் தொடையும் இடுப்பும் இறுகி நடுத்தெருவில் நின்றுவிடும். வியர்த்துக் கொட்டும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அலுவலகம் போகிறவர்களுக்கும் திங்கட்கிழமை காலையில் கால் நகராது என்றாலும் அது வேறு நோய்.

அன்பால் குதிரையைக் கெடுப்பதில் தமிழ்நாட்டுக்குப் பழைய அனுபவம் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஐந்து அரசர்கள் ஆளுக்கு ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை ஆண்டுதோறும் வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாததாகவும் எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் காரணங்களில் குதிரை பராமரிப்பு தெரியாததும் ஒன்று. லாடம் கட்டுகிறவர்கள் கிடையாது. குதிரை வணிகர்கள் தாங்களும் அழைத்து வருவதில்லை, வேறு யாரையும் வரவிடுவதில்லை. தீனியோ இறைச்சி கலந்த சோறு. விருந்து என்ற வகையில் குறை சொல்ல முடியாது. இன்றைய உரிமையாளர் இறைச்சிச் சோறு போடுவதில்லை. ஜிலேபி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

அடுத்தது கால். லாயத்திலேயே நின்றால் குதிரையின் கால் வீங்கும், குடல் மந்தமாகும், குணமும் கெடும். கையில் பிடித்து நடத்துவது எளிது. நீண்ட கயிற்றில் கட்டி வட்டமாக ஓடவிடுவது அதற்கு அடுத்த நிலை. இருபது நிமிடம் போதும்; இடம், வலம் இரண்டு பக்கமும் மாற்றி ஓடவிட வேண்டும். ஒரே பக்கமாகச் சுற்றினால் மூட்டு நோகும். மூன்றாவது வழி மாற்றுச் சவாரிக்காரர். இதில்தான் தவறான ஆள் நுழைகிறார். ஊட்டி ஏரிக்கரையிலோ டார்ஜிலிங் சௌரஸ்தாவிலோ பத்து நிமிடம் குதிரைமேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட மைத்துனர், 'நான் பார்த்துக்கொள்கிறேன் அத்தான்' என்பார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது பழமொழி. டாலிகஞ்சில் அந்த இரண்டாவது வேலை குதிரைக்கு மிச்சம். கோல்ஃப் ஆடுகிறவர்களுக்காகப் பதினெட்டுக் குழிகள் ஏற்கெனவே தயார்.

நேரமும் முக்கியம். கொல்கத்தாவின் கோடைப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். வேலைக்குப் பிறகு தோல் காய்ந்திருக்க, விலா மட்டும் வேகமாக ஏறி இறங்கினால் அதுவே அடையாளம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும். கோடையில் எல்லாப் பயிற்சியும் விடியற்காலையோடு முடிந்துவிடுவது நல்லது.

இலையுதிர்காலத்தில் தொல்லை வேறு விதம். துர்கா பூஜைக்கு ஊரே வெளியூர் போகும். அடுத்து வருவது காளி பூஜை. லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர் தீபாவளிக்கு 1,600 கிலோமீட்டர் தாண்டிச் சென்னையில் வெடி போடப் போயிருப்பார். அவருடைய குதிரை டாலிகஞ்சில் காளி பூஜை வெடிக்கு மிரண்டுகொண்டிருக்கும். அதற்கு ஆறாம் நாள் சட் பூஜை. குதிரைக்காரர் பீகார்க்காரராக இருந்தால் விடுப்பு கேட்பார், கொடுத்துத்தான் ஆக வேண்டும். மாற்று ஆளை அன்றைக்குத் தேடக்கூடாது. பத்து நாள் முன்பே வரவழைத்துக் குதிரையோடு பழகவிட வேண்டும்.

போகுமுன் எழுதி வைக்க வேண்டியவை சில உண்டு. வேளைவாரியாகத் தீனியின் எடை. 'ஒரு டப்பா' என்று எழுதக்கூடாது, டப்பா மாறிவிடும். லாடம் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, அடுத்த தேதி. மருத்துவரின் எண். எல்லாவற்றுக்கும் மேலாக, நள்ளிரவில் வயிற்றுவலி வந்தால் உரிமையாளரைக் கேட்காமலே மருத்துவரை அழைக்கலாம் என்ற அனுமதியும், செலவுக்குப் பணமும். தரையைக் காலால் சுரண்டுவது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது ஆகியவை வயிற்றுவலியின் அறிகுறிகள். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் பெல்காச்சியாவில் இருக்கிறது. டாலிகஞ்சிலிருந்து அங்கே ஒரே மெட்ரோ பாதையில் போய்விடலாம், நோயாளி தவிர மற்ற எல்லோரும். ஆகவே குதிரையை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

கைப்பேசி வந்த பிறகு உரிமையாளர்கள் தினமும் குதிரையின் முகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். முகத்தில் அதிகம் தெரியாது. படம் எடுக்க வேண்டியது லத்தியை. நலமாக இருக்கும் குதிரை நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை லத்தி போடும். உருண்டையாக, ஈரமாக, கீழே விழுந்ததும் பிளக்கிற பதத்தில் இருக்கும். எண்ணிக்கை பாதியானால் விசாரிக்க வேண்டும், அடியோடு நின்றால் மருத்துவர் வர வேண்டும். விடுமுறைக் காலைச் சிற்றுண்டியின்போது பார்க்க ஏற்ற படம் இல்லைதான். ஆனாலும் பயனுள்ளது இதுவே.

திரும்பி வந்த அன்றே பாய்ச்சலில் ஓட்டக்கூடாது. இரண்டு மூன்று வாரம் ஓய்விலிருந்த குதிரைக்கு முதல் சில நாட்கள் நடை, பிறகு மெல்லோட்டம், அதன் பின்னரே பாய்ச்சல். தானியமும் அதே வேகத்தில்தான் ஏற வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்பைக் குதிரைக்காரரிடம் கொடுத்து, அவரே சாப்பிட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.